ரெட் கார்டே வாங்காத டிஃபெண்டரின் ஊர்கள்

திங்கள், செர்னுஸ்கோ

மிலான் சென்ட்ரலில் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறினால் அரை மணி நேரத்தில் செர்னுஸ்கோ சுல் நவில்யோ வந்துவிடுகிறது. நகரம் முடியும் இடத்தில் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து வெயிலில் ஓடத் தொடங்குகிறது. கயெத்தானோ ஷிரேயா 1953 மே 25 அன்று பிறந்தது இந்த ஊரில்தான். மால்தினி, பரேசி, கன்னவாரோ என்று இத்தாலிய டிஃபெண்டர்களின் பெயரை வரிசையாகச் சொல்லும் நம் கால்பந்துப் பிரியர்கள் பலர் ஷிரேயா பெயரைச் சொல்வதில்லை. எனக்கு அவர்களில் முதல் ஆள் இவர்தான். அதனால் இந்த வாரம் முழுக்க அவருடைய ஊர்களாகவே சுற்றப்போகிறேன். அன்றன்று இரவு எழுதிவிடுகிறேன்.

ஊர் நடுவே மார்த்தேசானா கால்வாய் ஓடுகிறது. 15ஆம் நூற்றாண்டில் அத்தா ஆற்றிலிருந்து மிலானுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டியது. இரு பக்கமும் மரங்கள், சைக்கிள் பாதை, பழைய பிரபுக்களின் மாளிகைகள். வசதியானவர்களின் ஊராக இன்று தெரிகிறது. ஷிரேயாவின் குடும்பம் அப்படிப்பட்டதல்ல. அப்பா சிசிலிக்காரர். போருக்குப் பிறகு தெற்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வடக்கின் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பி வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். பையன் வளர்ந்தது பக்கத்திலிருக்கும் சினிசெல்லோ பால்சமோவில். அங்கே தேவாலயத்தைச் சார்ந்த ஒரு சிறுவர் அணியில்தான் கால்பந்து பழகினார்.

ஊர் மைதானத்துக்கு இப்போது அவர் பெயர். மாலையில் போனபோது பத்து வயதுப் பையன்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு குட்டி டிஃபெண்டர், பந்தோடு வந்த பையனை நோக்கிச் சறுக்கிக்கொண்டு பாய்ந்தான். பந்தும் போனது, பையனும் போனான், இவன் மட்டும் தரையில் கிடந்தான். விழாதே, நின்றே ஆடு என்று பயிற்சியாளர் கத்தினார். அடுத்த முறை அவன் பாயவில்லை. இரண்டு அடி பின்வாங்கி, எதிராளியைப் பக்கவாட்டுக் கோட்டுப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போனான். பந்து தானாகவே வெளியே போனது. பயிற்சியாளர் கைதட்டினார். இந்தப் பெயர் கொண்ட மைதானத்தில் இந்தப் பாடம் நடப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்தச் சின்ன ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ரொபெர்த்தோ திரிசெல்லா பிறந்ததும் செர்னுஸ்கோவில்தான். 1985இல் ஹெல்லாஸ் வெரோனா எல்லோரையும் மலைக்க வைத்து இத்தாலிய சாம்பியன் ஆனபோது அதன் கேப்டன் இவர். களத்தில் ஆடிய இடமும் ஷிரேயாவின் இடமேதான். 1986 உலகக் கோப்பை அணியில் இருவரும் சேர்ந்தே மெக்சிகோ போனார்கள். மறு வருடம், ஷிரேயாவுக்கு அடுத்து ஆள் வேண்டும் என்று அவர் ஆடிய டூரின் கிளப்பான யுவென்டஸ் தேடியபோது வாங்கியது திரிசெல்லாவைத்தான். கிளப்பின் பின்வரிசைப் பொறுப்பு ஒரே ஊர்க்காரர்களுக்குள் கைமாறியது.

செவ்வாய், பெர்கமோ

மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். மேல் நகரத்துக்குப் போகும் இழுவை ரயிலில் எல்லோரும் ஏறுகிறார்கள், நானும் ஏறினேன். மதில் சுவரிலிருந்து பார்த்தால் லொம்பார்தியா சமவெளி கண்ணுக்கு எட்டும் வரை விரிந்து கிடக்கிறது. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுக் கீழே இறங்கி அத்தலாந்தா மைதானத்துக்கு நடந்தேன். பழைய மைதானத்தைப் பெரும்பாலும் இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். ஷிரேயா காலத்துச் சுவடு கொஞ்சம்தான்.

ஆனால் இளம் வீரர்களை வார்த்தெடுக்கும் அத்தலாந்தாவின் பழக்கம் மட்டும் அன்றிலிருந்து மாறவில்லை. ஷிரேயா அந்தப் பள்ளியின் மாணவர். முன்னால் ஆடுபவராக, நடுவில் ஆடுபவராகத்தான் வந்து சேர்ந்தார். அவரைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது இங்கேதான். 1972 செப்டம்பரில் கல்யாரி அணிக்கு எதிராக முதல் தரப் பிரிவில் இறங்கியபோது வயது 19. அந்தப் பருவத்தின் முடிவில் அத்தலாந்தா இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. ஒரு வருடம் அங்கேயும் ஆடினார். 1974இல் யுவென்டஸ் வந்து அழைத்துக்கொண்டு போனது.

அவர் ஆடிய இடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இன்றைய கால்பந்தில் அது இல்லை. அன்றைய இத்தாலிய அணிகளில் டிஃபெண்டர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எதிராளியை ஒப்படைத்துவிடுவார்கள். அவன் எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருவருக்கு மட்டும் அப்படி யாரும் கிடையாது. அவர்தான் லிபெரோ. எல்லோருக்கும் பின்னால் நின்று, யார் கோட்டை விடுகிறாரோ அந்த ஓட்டையை அடைப்பது அவர் வேலை. பல அணிகளில் லிபெரோ என்றால் வந்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைப்பவர். ஷிரேயா உதைக்கமாட்டார். பந்தை வாங்கித் தலை நிமிர்ந்து, அங்கிருந்தே தாக்குதலைத் தொடங்குவார். நடுவரிசையில் பழகிய கால்கள் அல்லவா.

பெர்கமோவில் பொலெந்தா என்ற சோள மாவுக் களி நன்றாக இருக்கும் என்றார்கள். நன்றாகவே இருந்தது.

புதன், டூரின்

காலையிலேயே பழைய கொமுனாலே மைதானம். 1933இல் கட்டியது. 1990 வரை யுவென்டஸின் வீடு. இன்று அதே ஊரின் இன்னொரு அணியான டொரினோ இங்கே ஆடுகிறது, பெயரும் மாறிவிட்டது. பக்கத்தில் அந்தக் காலத்துக் கோபுரம் இன்னும் நிற்கிறது. ஷிரேயா 14 பருவங்கள் கிளப்பின் சொந்த மைதான ஆட்டங்களை ஆடிய புல் இதுதான் என்று நினைத்துக்கொண்டே ஒரு சுற்று நடந்துவந்தேன். ஃபிலடெல்ஃபியா தெருப் பக்கமிருந்த வளைவான பார்வையாளர் பகுதியில்தான் அன்று யுவென்டஸ் ரசிகர்கள் கூடுவார்கள்.

1974இல் அவர் வந்தபோது கிளப்பில் அதுவரை லிபெரோவாக இருந்த சான்ட்ரோ சால்வதோரே ஓய்வு பெற்றிருந்தார். 21 வயதுப் பையனை நேரடியாக அந்த இடத்தில் நிறுத்தினார்கள். முதல் வருடமே லீக் பட்டம். அப்புறம் 1977, 1978, 1981, 1982, 1984, 1986 என்று மொத்தம் ஏழு பட்டங்கள். 1977இல் யூஃபா கோப்பை, 1984இல் கோப்பை வென்றோர் கோப்பை, 1985இல் ஐரோப்பியக் கோப்பை. அந்த 1977 யூஃபா கோப்பைதான் யுவென்டஸின் முதல் ஐரோப்பிய வெற்றி. அணியில் ஒரு வெளிநாட்டவர்கூடக் கிடையாது. யுவென்டஸுக்காக 552 ஆட்டங்கள், 32 கோல்கள். அந்த 552ஐத் தாண்ட 2008இல் தெல் பியேரோ வர வேண்டியிருந்தது.

இந்த 552இலும், இத்தாலிக்காக ஆடிய 78இலும், அதற்கு முன் அத்தலாந்தாவிலும் ஒருமுறைகூட அவரை நடுவர் வெளியே அனுப்பியதில்லை. ஷிரேயாவைப் பற்றி யார் பேசினாலும் முதலில் சொல்வது இதைத்தான். சொல்லிவிட்டு நல்ல மனிதர், அமைதியானவர், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. நல்ல குணம் மட்டுமே இருந்தால் ரெட் கார்டு வராமல் போகாது. தாமதமாக வரும் டிஃபெண்டர்தான் காலை வாருகிறார். ஒரு நொடி பிந்திவிட்டால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஃபவுல் செய்யத்தான் வேண்டியிருக்கும். ஷிரேயா பிந்தமாட்டார். பாஸ் கிளம்புவதற்கு முன்பே அது விழப்போகும் இடத்துக்கு நடந்துவிடுவார். பழைய ஒளிப்பதிவுகளில் அவர் தலைதெறிக்க ஓடுவதை அரிதாகத்தான் பார்க்க முடிகிறது. அவருடைய கண்ணியம் என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி அவருடைய கணிப்பு. அதைக் குணமாக மட்டும் பேசினால் அவருடைய திறமையைக் குறைத்துவிடுகிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் பக்கத்தில் கிளாவுதியோ ஜென்டீலே இருந்தார். 1982 உலகக் கோப்பையில் பார்சிலோனாவில் மரடோனாவை ஆட்டம் முழுக்க இழுத்து, பிடித்து, இடித்து மடக்கியவர். அடுத்த ஆட்டத்தில் பிரேசிலின் ஸீக்கோவின் சட்டையைக் கிழித்தவரும் அவரே. ஒருவன் மேல் ஒட்டிக்கொண்டு முழங்கையும் முழங்காலும் உரச ஆடும் வேலை ஜென்டீலேவுக்கு. பின்னால் நின்று பார்த்து அடைக்கும் வேலை ஷிரேயாவுக்கு. ஜென்டீலே முரடர், ஷிரேயா கனவான் என்று பிரித்துவிடுவது எளிது. அந்த முரட்டு வேலையை ஒருவர் செய்ததால்தான் இன்னொருவருக்குச் சுத்தமாக ஆட இடம் கிடைத்தது. கிளப்பிலும் நாட்டுக்கும் பல வருடங்கள் தோளோடு தோள் நின்றவர்கள் இருவரும். இவரைப் புகழ அவரைத் தாழ்த்துவது நியாயமே இல்லை. அதே சமயம், லிபெரோவாக ஆடியும் ரெட் கார்டு வாங்கியவர்கள் நிறைய பேர். ஆகவே இடம் மட்டும் காரணமல்ல.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. போ ஆற்றங்கரைக்குப் போகும் திட்டத்தை விட்டுவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

வியாழன், டூரின்

நகரின் வடமேற்கு ஓரத்தில் யுவென்டஸின் இன்றைய மைதானம். மெட்ரோவும் பேருந்துமாகப் போய்ச் சேர்ந்தேன். மைதானத்தின் முகவரியே கயெத்தானோ ஷிரேயா சாலை என்றுதான் தொடங்குகிறது. தெரு முனையில் பெயர்ப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டேன். தெற்கு வளைவுக்கும் அவர் பெயர்தான். இந்த இடத்தில் முன்பு 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய தெல்லே ஆல்பி மைதானம் இருந்தது. அதை இடித்துவிட்டு 2011இல் இதைத் திறந்தார்கள். ஷிரேயா 1988இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். இந்த மண்ணில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ஆனால் இங்கே வந்து உட்காரும் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் அவர் பெயர் வாயில் வருகிறது.

மைதானத்தோடு ஒட்டிய அருங்காட்சியகத்தில் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. 1985 ஐரோப்பியக் கோப்பை முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அதைக் கொண்டாட்டமாகப் பார்க்க யாராலும் முடியாது. அந்த வருடம் மே 29, பிரஸ்ஸல்ஸின் ஹெய்ஸல் மைதானம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் லிவர்பூல் ரசிகர்கள் பக்கத்துப் பகுதிக்குள் பாய, அங்கிருந்தவர்கள் பயந்து ஒரு மூலைக்கு ஒதுங்க, நெரிசலில் சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியர்கள். ஆட்டத்தை நடத்தியே தீர வேண்டும், இல்லையென்றால் வெளியே இன்னும் கலவரம் ஆகும் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். யுவென்டஸ் கேப்டன் ஷிரேயாவிடம் ஒலிபெருக்கியில் பேசச் சொன்னார்கள். காவல்துறை கூட்டத்தை வெளியேற்ற வசதியாக ஆட்டம் நடக்கும், அமைதியாக இருங்கள், சீண்டினாலும் பதிலுக்குப் போகாதீர்கள், உங்களுக்காகத்தான் ஆடுகிறோம் என்று படித்தார். மைதானத்தில் அதிகம் பேசாத மனிதர். அவர் வாழ்க்கையில் அதிகம் பேர் கேட்ட பேச்சு அதுவாக அமைந்துவிட்டது. பிளாட்டினியின் பெனால்டியில் யுவென்டஸ் வென்றது. பெனால்டிக்குக் காரணமான ஃபவுல் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே நடந்தது, பெனால்டியே கொடுத்திருக்கக் கூடாது. அன்று அதைப் பற்றியெல்லாம் யார் பேசுவார்கள்.

அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகு எனக்கு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

இரவு அறையில் 1982 இறுதியாட்டத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஜூலை 11, மாட்ரிட், மேற்கு ஜெர்மனி. முதல் பாதியில் இத்தாலியின் கப்ரீனி பெனால்டியைத் தவறவிட்டார். 57ஆவது நிமிடத்தில் பாவ்லோ ரோஸ்ஸி கோல். 69ஆவது நிமிடத்தில் வந்தது டார்டெல்லியின் கோல். கோல் அடித்துவிட்டு இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு கத்தியபடி ஓடுவாரே, அது. உலகம் முழுக்கப் பார்த்தது அந்த ஓட்டத்தை. அதற்கு முந்தைய இருபது நொடிகளைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன்.

ஷிரேயா தன் பாதியில் பந்தை வாங்கி முன்னேறுகிறார். பாஸ் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறார். பந்து வலப்பக்கம் போய் மறுபடி அவரிடம் வருகிறது. இப்போது அவர் ஜெர்மன் பாக்ஸுக்குள். பக்கத்தில் 18 வயது பெர்கோமி, அவரும் டிஃபெண்டர். உலகக் கோப்பை இறுதியாட்டம், ஒரு கோல் முன்னிலை, இத்தாலியின் டிஃபெண்டர்கள் இருவர் எதிரணி பாக்ஸுக்குள் நின்று ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டிக்கொள்கிறார்கள். ஷிரேயா அவசரப்படவில்லை. ஜெர்மானியர்கள் தன்னை நோக்கி நெருங்கும் வரை காத்திருந்து, பாக்ஸ் விளிம்பில் காலியாக நின்ற டார்டெல்லிக்குப் பின்னோக்கித் தள்ளுகிறார். டார்டெல்லி விழுந்துகொண்டே இடது காலால் அடிக்கிறார். அப்புறம் அந்த ஓட்டம். இத்தாலி என்றாலே பின்னால் பதுங்கி நின்று ஆடும் அணி என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த கோலைத்தான். ஆட்டம் 3-1.

அன்று இரவு அணியே கொண்டாட்டத்தில் இருந்தபோது ஷிரேயாவும் கோல்கீப்பர் தீனோ ஸோஃபும் தங்கள் அறையில் அமைதியாக இருந்ததை ஸோஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருவரும் பல வருடங்கள் ஒரே அறையில் தங்கியவர்கள். ஸோஃபுக்கு அப்போது 40 வயது. இரண்டு பேருமே வார்த்தைகளை எண்ணிப் பேசுபவர்கள்.

அந்த 1982 அணியில் இன்னொரு லிபெரோவும் இருந்தார், 22 வயது ஃபிராங்கோ பரேசி. ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. ஷிரேயா 1986 ஜூனில் பிரான்ஸிடம் தோற்றுத் தேசிய அணியிலிருந்து விடைபெறும் வரை அந்த இடம் காலியாகவே இல்லை. யார் பெரியவர் என்ற சண்டை இத்தாலியில் இன்றும் உண்டு. முழு வரிசையையும் முன்னே நகர்த்தி ஆஃப்சைடு வலை விரிப்பதில் பரேசிக்கு நிகரில்லை. பந்தோடு முன்னேறி ஆட்டத்தைக் கட்டுவதில் எனக்கு ஷிரேயாதான் ஒரு படி மேலே.

வெள்ளி, மொர்சாஸ்கோ

டூரினிலிருந்து ஆஸ்தி, அங்கே ரயில் மாறி ஆக்வி தெர்மே. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சின்ன வழித்தடம். ஆக்வியில் ஊர் நடுவில் கிட்டத்தட்ட 75 டிகிரி சூட்டில் வெந்நீர் ஊற்று கொட்டிக்கொண்டிருக்கிறது, கை வைக்க முடியாது. கடலை மாவில் செய்து விறகடுப்பில் சுட்ட ஃபரினாத்தா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, டாக்ஸி பிடித்து மொர்சாஸ்கோ போனேன். குன்றின் மேல் ஒரு கோட்டை, சில நூறு பேர் வாழும் கிராமம். ஷிரேயாவின் மனைவி வழி ஊர். அவரை இங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றதும், அப்போது பயிற்சியாளராக இருந்த ஸோஃபுக்கு உதவிப் பயிற்சியாளராக யுவென்டஸிலேயே தொடர்ந்தார். 1989 யூஃபா கோப்பை முதல் சுற்றில் போலந்தின் கூர்னிக் ஸாப்ஷே எதிரணி. அவர்கள் ஆடுவதை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்து வர ஷிரேயா போலந்து போனார். செப்டம்பர் 3, ஞாயிறு. ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வார்சாவுக்குத் திரும்பும் வழியில், பாப்ஸ்க் என்ற கிராமத்துக்கு அருகே அவர் வந்த கார் லாரியோடு மோதியது. போலந்தில் அப்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் காரிலேயே கேன்களில் பெட்ரோல் வைத்திருந்தார்கள். தீப்பிடித்துக்கொண்டது. ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளர், ஷிரேயா மூவரும் இறந்தார்கள். அவருக்கு வயது 36.

செய்தி இத்தாலிக்கு வந்தது ஞாயிறு இரவு விளையாட்டு நிகழ்ச்சி நேரத்தில். தொகுப்பாளர் சான்ட்ரோ சோத்தி நேரலையில் அறிவித்தார். அரங்கில் விருந்தினராக உட்கார்ந்திருந்தவர் டார்டெல்லி. தாங்க முடியாமல் எழுந்து போய்விட்டார். மாட்ரிட்டில் அந்தப் பந்தை வாங்கி கோலாக்கிய அதே டார்டெல்லி.

ஓர் உதவிப் பயிற்சியாளரின் அன்றாட வேலை அது. முதல் சுற்று எதிரணி, பெரிய அச்சுறுத்தலும் இல்லை. யாராவது எழுதிக் கொடுத்த அறிக்கையை வைத்தே சமாளித்திருக்கலாம். வேலையென்று வந்துவிட்டதால் நேரில் போனார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது, யார் மேல் என்று சொல்ல முடியாத கோபம்.

கல்லறைத் தோட்டத்தில் என்னைத் தவிர ஒரு வயதான தம்பதி மட்டும் இருந்தார்கள். நான் தேடுவதைப் பார்த்து அந்த அம்மா தானாகவே வந்து இடத்தைக் காட்டினார். யுவென்டஸின் கறுப்பு வெள்ளைக் கழுத்துத் துணிகள் சில, புதுப் பூக்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்றதும் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மாட்ரிட் ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். என் அரைகுறை இத்தாலியன் அவருக்குப் போதுமானதாக இருந்தது. டார்டெல்லி கோலில் பாஸ் கொடுத்தது யார் தெரியுமா என்று கேட்டார். சொன்னேன். இன்னும் பத்து நிமிடம் பேசினோம்.

அந்தப் பருவத்தில் யுவென்டஸ் கூர்னிக்கை வென்று மேலேறியது. ஃபியோரென்டினாவை இறுதியாட்டத்தில் வீழ்த்தி யூஃபா கோப்பையை எடுத்தது, இத்தாலியக் கோப்பையையும் எடுத்தது. இரண்டு கோப்பை தந்த ஸோஃபைப் பருவம் முடிந்ததும் கிளப் மாற்றிவிட்டது.

நாளை மிலான் திரும்பி விமானம் ஏறுகிறேன். மொர்சாஸ்கோவுக்கு வர நினைப்பவர்கள் ஆக்வியிலேயே டாக்ஸிக்காரரிடம் திரும்பும் நேரத்தைப் பேசிவிடுங்கள், கிராமத்தில் வண்டி கிடைக்காது. வர முடியாதவர்கள் 1982 இத்தாலி–பிரேசில் ஆட்டத்தின் முழு ஒளிப்பதிவைப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு நீலச் சட்டை ஏழாம் எண்ணை மட்டும் தொடருங்கள்.